ஒன்பது நாள் ரோஜா

பண்ணையில் அவளுக்கு ஜாடியக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. அலுவலகக் கட்டடத்தின் கோடியில் இருந்த ஜாடி அறைக்கு அவள்தான் பொறுப்பு. ரோஜாப் பெட்டிகள் லாரியில் ஏறும் ஒவ்வொரு நாளும், அன்றைய பூவிலிருந்து ஐந்தை எடுத்து வந்து, காம்பை ஐம்பது சென்டிமீட்டருக்கு அளந்து வெட்டி, கண்ணாடி ஜாடியில் தண்ணீர் ஊற்றி நிறுத்துவாள். பிறகு தினமும் காலை பத்து மணிக்குப் போய்ப் பார்ப்பாள். எத்தனையாவது நாளில் தலை தொங்குகிறதோ அந்த எண்ணை நோட்டில் எழுதுவாள். கேட்கச் சுலபமான வேலைதான். ஆனால் ஒரு பூ எப்போது வாடும் என்று தினமும் போய் எட்டிப் பார்க்கிற பாவத்தைச் செய்து பார்த்தால்தான் தெரியும்.

அந்த அறைக்கு ஒரு விதி உண்டு. வைத்த தண்ணீரை மாற்றக் கூடாது, வெட்டிய காம்பை மறுபடி வெட்டக் கூடாது. பூ வாங்குகிறவர்களில் பாதிப் பேர் சோம்பேறிகள், மேஜையில் வைத்ததோடு மறந்துபோகிறவர்கள். அவர்கள் வீட்டில் எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் தெரிய வேண்டும். விதியைப் போட்டவள் அவளேதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. காலையில் பெருக்கித் துடைக்க வரும் பெரியம்மாவையும் அவளையும் தவிர அந்த அறைக்குள் யாரும் காலெடுத்து வைப்பதில்லை.

மூன்று மாதமாக நோட்டில் ஒன்பதுதான். எப்போதாவது எட்டு, ஒரு தடவை பத்து. முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டிக்குப் பெட்டி ‘ஒன்பது நாள் வாடாது’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்துவிட்டார். அந்தப் பெட்டிகளை அடுக்கியிருக்கிற வழியில் நடக்கும்போதெல்லாம் ஜாடியக்காவின் நடை கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும்.

அப்புறம் நகரத்திலிருந்து புகார் வர ஆரம்பித்தது. ஒன்று இரண்டல்ல, எல்லாக் கடையிலிருந்தும் ஒரே பல்லவி. நாலாம் நாளே தலை தொங்குகிறது, மொட்டு விரியாமலே கழுத்து மடங்குகிறது, பெட்டியில் எழுதியிருப்பது பச்சைப் பொய் என்று.

முதலாளி நோட்டைத் தூக்கிக்கொண்டு பேக்கிங் கொட்டகைக்கு வந்தார். முப்பது பேர் பூக்கட்டு கட்டிக்கொண்டிருந்தார்கள். லாரி ஓட்டும் தம்பியும் அங்கேதான் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தான். தம்பி என்றால் ஜாடியக்காவின் கூடப்பிறந்த தம்பி. எட்டு வருடமாகப் பண்ணையின் குளிர்சாதன லாரி அவன் கையில்தான் இருந்தது.

“இங்க இருக்கற வரைக்கும் ஒம்போது நாள் நிக்குது. அங்க போனா நாலு நாள். நடுவுல இருக்கறது யாரு? நீதானே?” என்றார் முதலாளி. “வழியில குளிர் மிஷினை நிறுத்திட்டு டீசலை மிச்சம் பிடிக்கற. பிடிச்சு விக்கற. உங்க அக்கா நோட்டே சொல்லுதே, நான் என்ன தனியா சொல்றது?”

தம்பிக்கு வாய் எப்போதும் சும்மா இருக்காது, எதற்கெடுத்தாலும் ஒரு கிண்டல் வைத்திருப்பான். அன்றைக்கு அவன் அக்காவைப் பார்த்தான். அவள் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புது டிரைவர் கிடைக்கிற வரைக்கும் ஓட்டு, அப்புறம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போ என்று முதலாளி சொல்லிவிட்டார். கொட்டகையில் யாரும் நிமிரவில்லை. ஆனால் சாயங்காலத்துக்குள் டீசல் திருடன் என்ற பட்டம் கேட் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஜாடியக்கா தம்பியை லாரிக்குப் பின்னால் பிடித்தாள். அவள் மனசு இரண்டாகக் கிடந்தது. தம்பி அப்படிச் செய்பவன் இல்லை. ஆனால் நோட்டும் பொய் சொல்லாது, அவள் கையால் எழுதிய நோட்டாயிற்றே.

“உண்மையச் சொல்லுடா. எப்பவாவது மிஷினை நிறுத்தினியா? ஒரு மணி நேரம்? அரை மணி?”

அவன் கதவுத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினான்.

“இல்லக்கா.”

“ஒரு தடவை கூட?”

“இல்லன்னேனே.”

அதற்குமேல் அவன் அவளிடம் பேசவில்லை. அவன் போன பிறகு ஜாடியக்கா அங்கேயே நின்றாள். இல்லை என்கிறான். நோட்டோ ஆமாம் என்கிறது. இரண்டில் ஒன்று பொய் என்றால் எது என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அப்போதே முடிவு கட்டினாள். ஒரு முடிவுக்கு வந்துவிட்டாளென்றால் அவளைத் திருப்ப யாராலும் ஆகாது. கட்டியவருக்கு அது இருபது வருட அனுபவம்.

மறுநாள் வாரத்தின் கடைசி லோடு. தம்பி வண்டியை எடுக்கப் போகும்போது பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை, இறங்கு என்றும் சொல்லவில்லை. ஆறு மணி நேரப் பயணம். குளிர்ப் பெட்டியின் சூட்டைக் காட்டும் சின்ன டயல் ஓட்டுநர் பக்கத்தில் இருந்தது. முள் நாலு டிகிரியில் நின்றது. மேட்டில் ஏறும்போதும் நாலு, சுங்கச்சாவடியில் அரைமணி நேரம் நின்றபோதும் நாலு. அவள் அந்த முள்ளைப் பார்ப்பதை அவன் பார்த்தான். பார்த்தும் ரோட்டிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. ஜாடியக்காவுக்கு வண்டியிலிருந்து குதித்துவிடலாம் போல இருந்தது. ஆனாலும் முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கூட ஆள் இருந்ததால் ஒழுங்காக ஓட்டினான் என்று நாளைக்கு முதலாளி சொல்வார். அது அவளுக்கும் தெரியும். அதனால் நகரத்துக் கிடங்கில் இந்தப் பெட்டியிலிருந்து ஐந்து பூ எடுத்துக்கொண்டதோடு விடாமல், அவன் தனியாகப் போய் இரண்டு நாளைக்கு முன் இறக்கிய பெட்டியிலிருந்தும் ஐந்து கேட்டு வாங்கிக்கொண்டாள். ஊருக்குத் திரும்பியதும் கொட்டகைக் குளிர் அறையில், லாரியையே பார்க்காமல் கிடந்த அதே நாள் பூவில் ஐந்து எடுத்தாள். அதற்குள் ராத்திரி ஆகிவிட்டது, அலுவலகம் பூட்டிக் கிடந்தது. ஆக மூன்று ஜாடியும் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு வந்தன.

“சாப்பாடு எங்க வைக்கிறது?” என்றார் கட்டியவர்.

“மடியில வெச்சுக்குங்க.”

நாலாம் நாள் காலையில் எழுந்து பார்த்தவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். லாரியில் போன பூ தலை தொங்கியிருந்தது. சரி, அது எதிர்பார்த்ததுதான். லாரியில் ஏறாத பூவும் தொங்கியிருந்தது. மூன்று ஜாடியிலும் வித்தியாசமே இல்லை, பதினைந்து பூவும் திட்டு வாங்கிய பிள்ளைகள் போலக் குனிந்து நின்றன.

“நம்ம வீட்ல எதுதான் நிமிர்ந்து நின்னிருக்கு?” என்றார் கட்டியவர். அவள் சிரிக்கவில்லை. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் பண்ணைக்கு ஓடினாள்.

ஜாடி அறையில் அதே நாளில் வெட்டிய ஐந்து பூ, அவளே அளந்து வைத்த ஐந்து பூ, மாப்பிள்ளைக் கோலத்தில் நிமிர்ந்து நின்றது. ஒரே தோட்டம், ஒரே நாள், ஒரே கத்தரி. வீட்டில் நாலு நாள், இங்கே ஒன்பது நாள். அப்படியென்றால் கோளாறு லாரியில் இல்லை. இந்த அறையில்தான் என்னமோ நடக்கிறது.

குனிந்து பார்த்தாள். மூன்று மாதமாக அவள் பூவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், காலைப் பார்த்ததில்லை. வீட்டு ஜாடியில் தண்ணீர் கலங்கி, வழுவழுவென்று, கிட்டே போனால் மூக்கைப் பொத்தும்படி இருந்தது. இங்கே தண்ணீர் அப்போதுதான் குழாயில் பிடித்தது போலத் தெளிவாக இருந்தது. ஒரு பூவை வெளியே எடுத்து அளவுகோலை வைத்தாள். நாற்பத்தாறு. அடுத்ததையும் அளந்தாள். அதுவும் நாற்பத்தாறு. எட்டாம் நாள் ஜாடியில் இருந்தது நாற்பத்திரண்டு.

காம்பு தானாகத் தேயாது. தினமும் யாரோ ஒரு சென்டிமீட்டர் வெட்டுகிறார்கள்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக வந்து அறைக் கதவைத் திறந்தாள். பெரியம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் ஜாடிகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. பக்கத்தில் ஒரு வாளி நல்ல தண்ணீர். கையில் பிளேடு. ஒரு ரோஜாவின் காம்பைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்துச் சாய்வாக வெட்டிக்கொண்டிருந்தாள். எத்தனையோ வருடம் பூக்கடையில் வேலை பார்த்த கை அது. அப்படி ஒரு நேர்த்தி.

“பெரியம்மா, என்ன பண்றீங்க?”

“வாங்கம்மா. தண்ணி மாத்தறேன்.” பெரியம்மா கையை நிறுத்தவில்லை. “நீங்க தண்ணி மாத்த மறந்துட்டு மறந்துட்டுப் போறீங்க. நாலு நாள்ல நாறிப் போகுது. நோட்டு எழுதற அவசரத்துல உங்களுக்கு எங்க ஞாபகம் இருக்கும். மூணு மாசம் முன்னாடி ஒரு தடவை பூ தொங்கினப்ப மொதலாளி உங்களப் பிடிபிடின்னு பிடிச்சாரு, நான் வெளிய பெருக்கிட்டு இருந்தேன். அதுக்கப்புறம் நானே பாத்துக்கறேன். ஒரு நாள் விட்டதில்ல, காய்ச்சல்ல கிடந்தப்பகூட வந்து மாத்திட்டுத்தான் போனேன். உங்க கிட்ட சொல்லிக் காட்டக் கூடாதுன்னுதான் சொல்லல.”

ஜாடியக்காவுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. யார்மேல் கத்துவது? விதியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருந்தாள். முதலாளியிடம் சொல்லியிருந்தாள். வருகிற போகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லியிருந்தாள். அறைக்குள் தினமும் வருகிற ஒரே ஆளிடம் சொல்லவில்லை. பெருக்க வருகிறவளிடம் இதை எதற்குச் சொல்வது என்று தோன்றியிருக்கும், அல்லது தோன்றக்கூட இல்லை. வெட்கமாக இருந்தது.

“தப்பாம்மா?” என்றாள் பெரியம்மா, அவள் முகத்தைப் பார்த்து.

“தப்பு என்னோடது. அந்த பிளேடைக் கீழ வைங்க, டீ குடிக்கலாம்.”

டீ குடிக்கும்போதுதான் அவளுக்கு மற்றதும் பிடிபட்டது. காம்பை வெட்டித் தண்ணீரை மாற்றினால் ஒன்பது நாள் நிற்கிறது என்றால், பூ நல்ல பூதான். அடைத்துக்கொள்வது காம்பின் வாய். அழுக்குத் தண்ணீரில் நின்றதால் அடைத்துக்கொள்கிறது. அழுக்கு எங்கிருந்து வருகிறது? தோட்டத்தில் பூவை வெட்டியதும் போடுகிற வாளிகளைப் போய்ப் பார்த்தாள். வெளியே பளபளவென்று இருந்தன. உள்ளே கையை விட்டு அடிப்பக்கத்தைத் தேய்த்தால் விரல் வழுக்கியது. தினமும் குழாயால் அலசுவார்கள், தேய்ப்பதில்லை. தேய்க்காத வாளியில் எத்தனை நல்ல தண்ணீர் ஊற்றி என்ன பிரயோசனம்?

வாளி ஒன்றை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். முதலாளி வாளிக்குள் விரலை விட்டுப் பார்த்து, கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, கதவைச் சாத்தினார்.

“சரி. வாளியக் கழுவிடலாம். உன் தம்பி வேலையிலயே இருக்கட்டும், புது ஆள் வேண்டாம்னு சொல்லிடறேன். இந்த விஷயம் இந்த ரூமோட இருக்கட்டும்.”

“நோட்டு, சார்?”

“நோட்டுக்கு என்ன? அது பாட்டுக்கு இருக்கட்டும். பெட்டியெல்லாம் அச்சடிச்சு வெச்சிருக்கேன். இப்பப் போயி நோட்டு பொய்யின்னா, கடைக்காரன் என்னை என்னன்னு நெனப்பான்? உன்னைத்தான் என்னன்னு நெனப்பான்?”

ஜாடியக்கா ஒரு நிமிஷம் யோசித்தாள். யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். தம்பிக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. தன் பேரும் தப்பித்தது. பெரியம்மாவுக்கும் ஒன்றும் வராது. தலையாட்டிவிட்டு வெளியே போனால் போதும். ஆனால் தம்பி நாளைக்கு லாரியை எடுக்கும்போது கேட்டில் இருப்பவன் டீசல் டேங்கைத் தட்டிப் பார்ப்பான். மன்னித்து விட்டார்கள் என்று நினைப்பார்களே தவிர, செய்யவில்லை என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

“அவனைக் கொட்டகையில முப்பது பேர் முன்னாடி திருடன்னு சொன்னீங்க சார். அதே முப்பது பேர் முன்னாடி இல்லன்னு சொல்லணும்.”

“அப்படிச் சொன்னா ஏன்னு கேப்பான். நோட்டைச் சொல்லணும்.”

“சொல்லுங்க.”

“உன் வேலைக்கு உத்தரவாதம் கிடையாது, பாத்துக்க.”

“சரி சார். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

முதலாளி சொல்வதாகத் தெரியவில்லை. அவளே போனாள். கொட்டகையில் பூக்கட்டு கட்டுகிற நீள மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்று, எல்லாரும் கொஞ்சம் கேளுங்க என்றாள். நோட்டில் மூன்று மாதமாக எழுதியிருப்பது தப்பு என்றாள். பூ இங்கேயே நாலு நாள்தான் தாங்குகிறது, லாரிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்றாள். அறையைச் சரியாகக் கவனிக்காதது தன் தப்பு, யாரும் வேறு யாரையும் சொல்ல வேண்டாம் என்றாள். “என் தம்பி டீசல் திருடல. திருடினான்னு யாராவது சொல்லியிருந்தா, இனிமே சொல்லாதீங்க.”

பெரியம்மா துடைப்பத்தோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தம்பி பெட்டிகளுக்கு நடுவில் நின்றான். முதலாளி பின்னாலேயே வந்தவர், எல்லார் கண்ணும் தன்மேல் திரும்பியதைப் பார்த்துத் தொண்டையைச் செருமி, “ஆமா, அவசரப்பட்டுட்டேன்” என்றார். அது போதாது என்று அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றதால், “தப்புதான்ப்பா” என்றும் சேர்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவளை யாரும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. நிறுத்தினால் வாளி கழுவுகிற பாட்டை யார் படுவது? பிளீச்சிங் பவுடரும் தேங்காய் நாரும் வாங்கி, நூற்றிருபது வாளியையும் உள்பக்கம் தேய்க்க வைத்தாள். தண்ணீரில் மூழ்கும் இலையையெல்லாம் உருவச் சொன்னாள். தோட்டத்திலிருந்து வந்த பூவின் காம்பைக் கொட்டகையில் மறுபடி ஒரு விரல்கடை வெட்டி, தாமதிக்காமல் குளிர் அறைக்கு அனுப்பினாள். எப்படி வெட்டுவது என்று சொல்லிக்கொடுக்கப் பெரியம்மாவை மேஜைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். முதல் நாள் எல்லோரும் முணுமுணுத்தார்கள். இரண்டாம் நாள் உரக்கவே திட்டினார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விடுகிறவளாக இருந்தால்தானே.

ஜாடி அறையில் புது ஜாடி வைத்தாள். தண்ணீரை யாரும் தொடவில்லை, பெரியம்மா பார்வையைக்கூட அந்தப் பக்கம் திருப்பவில்லை. பூ ஏழு நாள் நின்றது. அவள் ஏழு என்று எழுதினாள்.

“எட்டுன்னு போடேன். அரை நாள் முன்னப் பின்னதானே” என்றார் முதலாளி.

“ஏழு சார்.”

பெட்டியில் ஒன்பதின்மேல் ஏழு என்று காகிதம் ஒட்டினார்கள். கோணல்மாணலாகத்தான் ஒட்டினார்கள்.

இன்னொன்றும் செய்தாக வேண்டியிருந்தது. பூ போய்ச் சேர்ந்த இடத்திலும் ஐந்தைந்து எடுத்து வந்து வைத்துப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் பழைய கதைதான். நகரத்துக் கிடங்கிலிருந்து அதை ஒவ்வொரு லோடுக்கும் கொண்டுவர வேண்டும். முதலாளி, “உன் தம்பியோட ஒரு ஆளை அனுப்பலாம். சாட்சிக்கு ஒருத்தன் இருந்தா நல்லதுதானே” என்றார். தம்பி அப்போது லாரியின் பின்கதவைச் சாத்திக்கொண்டிருந்தான். கேட்டுவிட்டான்.

“ஆள் வேண்டாம் சார். அவனே கொண்டு வருவான்” என்றாள் ஜாடியக்கா.

முதலாளி போன பிறகு தம்பி கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். இரண்டு வாரத்துக்குப் பிறகு அவளிடம் பேசினான்.

“கொட்டகையில எல்லார் முன்னாடியும் சொன்னியே, அது சரிதான்க்கா. அதுல எனக்கு ஒண்ணும் இல்ல.”

“அப்புறம் எதுலடா?”

“லாரிக்குப் பின்னாடி நின்னு கேட்டியே. ஒரு தடவைன்னா பரவால்ல. திரும்பவும் கேட்ட. அப்புறம் கூட ஏறி உட்கார்ந்து ஆறு மணி நேரம் முள்ளைப் பார்த்துக்கிட்டு வந்த.” அவன் குரலில் கோபம்கூட இல்லை. “அவர் சொன்னது வலிக்கலக்கா. அவர் யாரு? நீ கேட்டதுதான்.”

உனக்காகத்தானே பார்த்தேன் என்று வாய்வரை வந்தது. அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி, நோட்டில் இருந்ததைத்தான் அவள் அன்றைக்கு நம்பினாள்.

“ஆமா. கேட்டிருக்கக் கூடாது” என்றாள். “தப்புடா.”

அவள் நோட்டைத் திறந்து, நகரத்துப் பூவுக்கென்று புதிதாகக் கோடு போட்ட பக்கத்தைக் கிழித்து, பேனாவோடு அவனிடம் நீட்டினாள்.

“எந்தப் பெட்டி, என்ன நேரம், குளிர் எவ்வளவு, நீயே எழுதிக் கொண்டு வா. நான் சரிபார்க்க மாட்டேன். நீ எழுதினதை அப்படியே ஒட்டிடுவேன்.”

“நான் தப்பா எழுதினா?”

“எழுத மாட்ட.”

அவன் அந்தக் காகிதத்தை வாங்கினான். பிறகு நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “கையெழுத்து புரியலன்னு என்கிட்ட வந்து நிக்காத” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினான்.